இருபது டன்

கியூர்பிப்பில் மழை விட்டது, எவ்வளவு நேரத்துக்கோ.
டேப்பையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு
காரிலிருந்து இறங்கினேன்.

வீரமுத்துவின் வீடு. கீழே ஒன்று, மேலே ஒன்று.
மொட்டை மாடியில் இருபத்தாறு வருடமாகக்
கம்பிகள் நீட்டிக்கொண்டு நிற்கின்றன.
துருப்பிடிக்காமலிருக்க ஒவ்வொன்றின் தலையிலும்
கவிழ்த்த ரம் பாட்டில்.
"அது தேவானையின் மாடி" என்றார் கிரியோலில்,
கட்டி முடித்துச் சாவி கொடுத்துவிட்டதைப் போல.

நடுத் தூண் கார் நிற்கும் இடத்தில்.
அகலம் இருநூற்று இருபத்தைந்து மில்லி, ஆழமும் அதே.
உயரத்தை அகலத்தால் வகுத்தேன்: பன்னிரண்டு.
பதினைந்துக்குள் வந்தால் குட்டைத் தூண்.
நெட்டைத் தூண் வளையும், வளைந்து காட்டும்.
குட்டைக்கு அந்த மரியாதை தெரியாது.
தாங்கும் தாங்கும் தாங்கும்
ஒரு நாள் நசுங்கும்.

பழைய வரைபடத்தை பிஸ்கட் டின்னிலிருந்து எடுத்து வந்தார்.
யாரோ கவனமாகப் போட்ட கணக்கு.
கான்கிரீட் ஐம்பது டன், நான்கு கம்பி பதினாறு,
ஆக அறுபத்தாறு.
மாடிக்கு இருபது வீதம் மூன்று மாடிக்கும் போதும்.
பாரம் நட்ட நடுவில் வந்து உட்காராது என்று
பதினொரு மில்லி தள்ளியே வைத்துப் பார்த்திருக்கிறான்.
விரலகலம்கூட இல்லை.
அந்த விரலகலத்துக்காக அவனை எனக்குப் பிடித்துப் போனது.

பூச்சைக் கொத்தினேன்.
நூற்று நாற்பத்து நாலில் ஒரு வளையம் இருக்க வேண்டும்,
முந்நூறில் இருந்தது.
உருளை வெட்டி ஆய்வகத்துக்கு அனுப்பினேன்.
இருபத்தைந்து வர வேண்டிய பலம்
பதினைந்து வந்தது.

திரும்பக் கூட்டினேன்: நாற்பத்தாறு.
இப்போது அதன் தலைமேல் நாற்பது.

"இருபது டன் எங்கே போச்சு?" என்று கேட்டார்,
வங்கிப் புத்தகத்தில் பணம் குறைந்தவர் மாதிரி.
கான்கிரீட் போட்ட அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை. பஸ் டிப்போ ஆட்கள் முப்பது பேர்.
வாளி கைமாறி கைமாறி மேலே போனது.
பெண்கள் ஏழு கறி சமைத்தார்கள்.
பத்து மணிக்கு வெயில், கலவை இறுகுது என்றான் ஒருவன்.
"கொஞ்சம் தண்ணி விட்டோம்.
நல்லா ஓடுச்சு அப்புறம்."

சொல்லிவிட்டுத் தூணைப் பார்த்தார்.
சிரிப்பு வரவில்லை எங்கள் இருவருக்கும்.
ஏழு கறியும் முப்பது பேரும் அந்த வெயிலும்
அதற்குள்ளே இருந்தன.
தண்ணீர் மட்டும் எப்போதோ வெளியேறி
தான் இருந்த இடங்களைக் காலியாக விட்டிருந்தது.

தேவானை படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.
"வேணாம்பா, வக்குவாவில் வாடகைக்குப் பார்த்துட்டோம்."
அவர் காது கேளாதவராகி
என்னிடம் திரும்பினார். "வழி?"

சட்டை போடலாம் தூணுக்கு.
மேலைக் கொத்திச் சொரசொரப்பாக்கி
புதிய கம்பி, நெருக்கமான வளையம்,
கொக்கிகள் உள்நோக்கி மடங்கி,
நாற்புறமும் நூறு மில்லி.
அடியில் எரிமலைப் பாறை, அதைப் பற்றிக் கவலையில்லை.
ஆனால் கார் உள்ளே வராது.

ஓய்வு பெற்ற டிரைவர். முப்பது வருடம்
போர்ட் லூயிஸ் இறக்கத்தில் பஸ்ஸை இறக்கியவர்.
டொயோட்டாவை ஒரு தரம் பார்த்தார்.
"மழையில் நிக்கட்டும். அதுக்கென்ன ஜுரமா வரும்?"

கான்கிரீட் ஊற்றிய காலை நான் தாமதமாகப் போனேன்.
கொத்தனார் கத்திக்கொண்டிருந்தான்,
கலவை இறங்கவில்லை, தண்ணி, தண்ணி.
குழாயின் வாயில் ஒரு சொட்டுமில்லை.
சுற்றிப் பார்த்தேன்.
கேட்டருகே வீரமுத்து,
பச்சைக் குழாயை இரண்டாக மடித்து
இரு கையாலும் இறுக்கிப் பிடித்து
வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றார்.